டெபாசிட் இல்லாத தேர்தல்

திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தில் காலை நத்தம் வண்டி ஏறுகிறவர்களில் விவரமானவர்கள் வலப்பக்கச் சன்னலைத்தான் பிடிப்பார்கள். வெயில் அந்தப் பக்கம் அடிக்காது. குள்ளனம்பட்டியைத் தாண்டியதும் சிறுமலையும் கூடவே வரத் தொடங்கிவிடும். 2025 ஆடி மாதத்தில் ஒருநாள் அந்த வண்டியில் ஏறிய பயணிக்குக் கிடைத்தது இடப்பக்க இடம். அவருக்கு மலை இல்லை; சுவர்தான்.

சுவரும் சும்மா இல்லை. அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல். சுண்ணாம்பு பூசி, கட்சிப் பெயரை ஒரு மூலையில் எழுதி, இடத்துக்குத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். வேட்பாளர் யாரென்று கட்சித் தலைமைக்கே தெரியாத காலத்தில் சுவருக்கு மட்டும் முன்பதிவு முடிந்துவிடுவது தமிழ்நாட்டு வழக்கம்.

அவர் போனது சாணார்பட்டிக்கு. மா, தென்னை, புளி, இடையிடையே நிலக்கடலைக் கொல்லை என்று போகிற வறண்ட சமவெளியில், திண்டுக்கல்லிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிற ஒன்றியத் தலைநகர். 21 ஊராட்சிகளுக்கு இதுதான் தலைமை இடம். தவசிமடை, புகையிலைப்பட்டி என்று ஜல்லிக்கட்டுக்குப் பெயர்போன ஊர்களும் இந்த ஒன்றியத்தில்தான் வருகின்றன. ஆனால் பயணி மாடு பார்க்க வரவில்லை, மாங்காய்க் காலமும் முடிந்திருந்தது. அவர் கையில் இருந்தது ஒரு கேள்வி. இந்த ஊரில் ஒருவர் பொதுவாழ்வைப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கிச் சட்டமன்றம் வரை போக முடியுமா?

கேள்வி கொஞ்சம் வெளிநாட்டு வாசனை அடிக்கிறது என்பது அவருக்கும் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் சட்டமன்றம். சாணார்பட்டிக்கென்று தொகுதி கிடையாது. அது நத்தம் தொகுதியில் அடக்கம். தமிழ்நாட்டுத் தொகுதிப் பட்டியலில் 131-வது எண். 1977 முதல் 2021 வரை நடந்த பொதுத்தேர்தல்கள் 11. நத்தத்தில் அவற்றை வென்றவர்கள் மூன்றே பேர். காங்கிரசின் எம். ஆண்டி அம்பலம் 1977-லிருந்து 1996 வரை தொடர்ச்சியாக ஆறு தடவை வென்றார். கடைசி வெற்றி த.மா.கா. சார்பில். அவருக்குப் பின் அ.தி.மு.க.வின் நத்தம் ஆர். விசுவநாதன் காலம்: 2001, 2006, 2011. மின்துறை அமைச்சராகவும் இருந்தவர். 2016-ல் அவர் ஆத்தூருக்குப் போய் ஐ. பெரியசாமியிடம் தோற்க, நத்தத்தில் தி.மு.க.வின் எம்.ஏ. ஆண்டி அம்பலம் சுமார் இரண்டாயிரம் வாக்கில் கரையேறினார். 2021-ல் விசுவநாதன் திரும்பி வந்து அவரைத் தோற்கடித்தார். நாற்பத்து நான்கு வருடம், பதினோரு தேர்தல், மூன்று ஆள். அதிலும் இரண்டு பேருக்கு ஒரே பெயர்!

இதைச் சாணார்பட்டிக் கடைத்தெருவில் சொன்னால் யாரும் வியக்கப்போவதில்லை. தொகுதி என்றால் அப்படித்தான் என்பது இங்கே பழகிப்போன விஷயம். புதிதாக ஒருவர் நிற்கிறேன் என்றால் முதலில் எழுகிற கேள்வி "எந்தக் கட்சி?", இரண்டாவது கேள்வி "எவ்வளவு வச்சிருக்காப்ல?". அந்த இரண்டாவது கேள்விக்கு அரசாங்கமே ஒரு கணக்குச் சொல்கிறது. சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்பது 2022-ல் உயர்த்தப்பட்ட வரம்பு. டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி.

ஒன்றிய அலுவலகப் பக்கம் போனால் தொகை சட்டென்று இளைத்துவிடுகிறது. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய இரண்டு நாட்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சி வார்டு உறுப்பினராக நிற்க டெபாசிட் 200 ரூபாய். ஊராட்சித் தலைவருக்கும் ஒன்றியக் கவுன்சிலருக்கும் 600. மாவட்டக் கவுன்சிலருக்கு 1,000. செலவு வரம்பு வார்டு உறுப்பினருக்கு 9,000, தலைவருக்கு 34,000, ஒன்றியக் கவுன்சிலருக்கு 85,000, மாவட்டக் கவுன்சிலருக்கு 1,70,000 ரூபாய். ஒரு வாக்காளர் கையில் நான்கு சீட்டு. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். இயந்திரம் இல்லை, முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போட வேண்டும். வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னமும் கிடையாது. சுயேச்சைச் சின்னங்களில் பூட்டு சாவியும் ஒன்று. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில் அதை யார் வேண்டாம் என்பார்கள்?

34,000 ரூபாயில் தலைவர் தேர்தல் முடிகிறதா என்று கேட்டால் கேட்டவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். வரம்பு தாளில் இருப்பது. ஊர்ச் செலவு வேறு. இருந்தாலும் ஏணியின் கீழ்ப்படி என்று ஒன்று இருந்தது. கல்லூரி படித்த பெண்ணோ, மகளிர் குழு நடத்தியவரோ, ஊர்க் குடிநீருக்காக அலைந்தவரோ ஏறிப் பார்க்கிற உயரத்தில் அது இருந்தது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாடு 2016-ல் சட்டம் செய்த பிறகு, அந்தப் படியில் நிறையப் பெண்கள் ஏறினார்கள்.

பயணி போன ஆடியில் அந்தப் படி காலி. 2020 ஜனவரியில் பொறுப்பேற்றவர்களின் ஐந்தாண்டு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் நடக்கவில்லை. திண்டுக்கல் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சி, ஒன்றியம், மாவட்ட ஊராட்சி எல்லாம் தனி அலுவலர்கள் கையில். கவுன்சிலர் என்று சொல்லிக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குள் போக அன்று யாருக்கும் தகுதி இல்லை, எல்லாரும் 'முன்னாள்'.

இனிப் பள்ளிக்கூடம். கிராமத்துப் பள்ளிகளின் முகப்பில் ஒரு பெயர் எழுதியிருக்கும்: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. தமிழ்நாட்டில் பாதிப் பேர் படித்த பெயர் அது. யாரும் நின்று வாசிப்பதில்லை. வாசித்தால் அதில் ஒரு பழைய ஆவணம் கிடக்கிறது. 1958-ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டத்துக்குப் பிறகு ஒன்றியங்கள் பிறந்தன. மாவட்ட போர்டு கலைந்தது. போர்டு நடத்திய தொடக்கப் பள்ளிகள் ஒன்றியத்திடம் வந்தன. பள்ளி ஒன்றியத்தின் சொத்து, வாத்தியார் ஒன்றியத்தின் ஊழியர், ஒன்றியப் பெருந்தலைவர் நினைத்தால் வாத்தியாரை மலையடிவாரத்துக்கு மாற்றலாம். நினைக்கவும் செய்தார்கள். கட்சிக்காரர் வீட்டு வாசலில் ஆசிரியர்கள் காத்துக் கிடந்த அந்தக் காலத்தைப் பற்றிப் பழைய ஆசிரியர்கள் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அதிகாரம் சென்னைக்குப் போயிற்று. பெயர்ப்பலகை மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது.

சரியான முடிவா? ஆசிரியர்களுக்குச் சரிதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஊருக்கு? பள்ளிக்கூடத்தைக் கேள்வி கேட்கிற உரிமையையும் ஊர் அந்த நாளோடு மறந்துபோனது என்பது பயணியின் எண்ணம்.

மறந்ததை நினைவூட்ட வந்தது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அதன் 21-வது பிரிவு ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் குறைந்தது முக்கால் பங்கு அங்கே படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர். மொத்தத்தில் பாதி பெண்கள். தமிழ்நாட்டில் பல வருடம் இது கையெழுத்து வாங்கும் நோட்டாகவே கிடந்தது. 2022 மார்ச் 20, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோரை வரவழைத்துக் கூட்டம் போட்டார்கள். அதைத் தொடர்ந்து 20 பேர் கொண்ட குழுக்கள் அமைந்தன. தலைவர், அங்கே படிக்கும் ஒரு குழந்தையின் தாய். இரண்டு வருடம் கழித்து 2024 ஆகஸ்டில் மறுபடி தேர்வு. இந்தத் தடவை முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர்.

இதுவும் தேர்தல்தான். வேட்புமனு இல்லை, டெபாசிட் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, சின்னம் இல்லை. வேப்பமரத்தடியிலோ வகுப்பறையிலோ பெற்றோர் உட்கார்ந்திருக்க, பெயர் முன்மொழியப்படும், கை உயரும். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா தலைவர் ஆகிறார். பக்கத்தில் தலைமை ஆசிரியர் நாற்காலி போடும்போது முதலில் கூச்சம். மாதக் கூட்டத்தில் கழிப்பறைத் தண்ணீர், சுற்றுச்சுவர், காலை உணவின் நேரம், பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளை என்று பேச்சு போகும். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்றை எழுத வேண்டும். எழுதுவது பெரும்பாலும் ஆசிரியர், கையெழுத்து அம்மாவுடையது. இந்தக் குறை உண்மைதான். ஆனால் மூன்றாவது கூட்டத்தில் வாசித்துவிட்டுப் போடுகிறேன் என்று சொல்கிற அம்மாக்களும் உண்டு.

குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது. 2025 ஜனவரி 5-க்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரத்தான் ஆளில்லாமல் போனது.

ஒரே ஒரு தடவை இந்தக் குழுவுக்கு நிஜமான அதிகாரம் எட்டிப் பார்த்தது. 2022 கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சமயம், 13,331 ஆசிரியர் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பலாம் என்றது அரசு. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். உடனே எதிர்ப்பு, உடனே வழக்கு. விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. வேலை கொடுக்கிற பேனா கைக்கு வந்த மறுநாளே அந்தக் கையை எல்லாரும் கவனிக்கத் தொடங்கிவிட்டார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்டபோது ஒருவரும் கவனிக்கவில்லை.

உயர்நிலைப் பள்ளிகளில் இன்னொரு பதவியும் இருக்கிறது, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். ஊரில் பி.டி.ஏ. தலைவர் என்பார்கள். கொடியேற்றும் நாளில் வேட்டி மடிப்புக் கலையாமல் முன்வரிசையில் இருக்கிறவர் அவர்தான் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கிறதா என்று கேட்பது நாகரிகம் இல்லை.

மறுநாள் பயணி எதிர்த்திசையில் போனார். செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு போகிற பாதையில் உள்ளே திரும்பினால் பட்டிவீரன்பட்டி. கீழ்ப்பழனி மலைக் காப்பிக் கொட்டைகள் இறங்கிப் பதமாகிற ஊர். சாணார்பட்டியின் மேட்டுக்காட்டைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இந்தப் பக்கத்துத் தோப்புகளின் பச்சை கண்ணைக் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். அவர் கேள்விக்கான பதிலில் பாதி இந்த ஊரில்தான் 1893-ல் பிறந்தது. ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன்.

சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குப் போய்ச் சேலை எடுக்கிறவர்கள் அந்தப் 'பாண்டி' யாரென்று யோசிப்பதில்லை. இவர்தான் அவர். 1920-ல் நீதிக்கட்சி ஆட்சி அவரைச் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமித்தது. 1928-ல் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவர் ஆனார். ஜில்லா போர்டு என்றால் அன்று சின்ன விஷயம் இல்லை. பள்ளிக்கூடம், சாலை, ஆஸ்பத்திரி எல்லாம் அதன் கையில். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மாட்டோம் என்று ஓடிக்கொண்டிருந்த தனியார் பேருந்துகளுக்கு, ஏற்றாவிட்டால் உரிமம் ரத்து என்று தாக்கீது அனுப்பினார். பேருந்துகள் ஏற்றிக்கொண்டன. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. பிறகு 1943 முதல் 1947 வரை மதுரை ஜில்லா போர்டின் தலைவர். திண்டுக்கல் 1985-ல்தான் தனி மாவட்டம் ஆனது என்பதால், சாணார்பட்டிப் பள்ளிக்கூடங்களும் அன்று அவருடைய போர்டின் எல்லைக்குள்தான் இருந்தன.

சட்டசபைக்குப் போனவர் எட்டு வருடம் கழித்து ஜில்லா போர்டுக்கு வருகிறார். இன்றைய கணக்கில் இது கீழே இறங்குவது. முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவர் ஒன்றியக் கவுன்சிலராக நிற்கிறேன் என்றால் "என்னாச்சு அண்ணனுக்கு?" என்று கட்சி ஆபீசில் விசாரிப்பார்கள். அன்று அப்படி இல்லை, காரணம் எளிது. சட்டசபையில் பேசலாம், போர்டில் செய்யலாம். பேருந்தை நிறுத்துகிற அதிகாரம் போர்டில்தான் இருந்தது.

இப்போது அந்த வெளிநாட்டு வாசனை. கேள்வி வந்தது கனடாவிலிருந்து. ஒன்டாரியோ மாகாணத்தில் பள்ளிகளை நிர்வகிக்கும் கல்விச் சபைகளுக்கு, நகராட்சித் தேர்தல் நாளிலேயே மக்கள் வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஈழத்தமிழர் அங்கே அரசியலில் கால் ஊன்றிய கதையை இந்தச் சபையை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. நீதன் சண் 2006-ல் யோர்க் வட்டாரக் கல்விச் சபைக்குத் தேர்வானார். அடுத்து மாகாண சட்டமன்றத்துக்குப் புதிய சனநாயகக் கட்சியின் வேட்பாளராக 2011, 2014, 2016 என்று மூன்று முறை நின்றார், மூன்றிலும் தோல்வி. 2017 இடைத்தேர்தலில் டொராண்டோ நகரசபை உறுப்பினர் ஆனார். அதன்பிறகு மறுபடி பள்ளிக்கூடத்துக்கே திரும்பி, டொராண்டோ மாவட்டக் கல்விச் சபையில் உறுப்பினராகி, அதன் தலைவராகவும் வந்தார். யுவனிதா நாதனின் பாதையும் இதே ஏணிதான்: 2010-ல் கல்விச் சபை, 2018-ல் மார்க்கம்-தோர்ன்ஹில் தொகுதியில் மாகாண சட்டமன்றத்துக்கு நின்று, இன்னொரு தமிழரான லோகன் கணபதியிடம் தோல்வி, 2022-ல் மார்க்கம் நகரசபை, 2025-ல் கனடா நாடாளுமன்றம். பார்த்தி கந்தவேள் எட்டு வருடம் கல்விச் சபையில் இருந்துவிட்டு 2023-ல் டொராண்டோ நகரசபைக்குப் போனார்.

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பள்ளிக்கூடம் ஏணியின் முதல் படி. சாணார்பட்டியில் அது தனியாகக் கிடக்கிற ஒரு படி. அதன்மேல் ஏறி நின்றால் அடுத்ததுக்குக் கால் எட்டாது. அங்கே கல்விச் சபை உறுப்பினரின் பெயர் ஒரு நகரத்தின் வாக்குச்சீட்டில் அச்சாகிறது. இங்கே குழுத் தலைவியின் பெயர் அந்த ஒரு பள்ளியின் நோட்டில் இருக்கிறது. பக்கத்து ஊராட்சிக்கு அவரைத் தெரியாது. மேலே உள்ள கட்சி, கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என்ற வேறொரு ஏணியை வைத்திருக்கிறது. அதற்கும் இந்த வேப்பமரத்துக்கும் நடுவில் பாலம் எதுவும் இல்லை.

கனடாவைப் பார்த்துப் பெருமூச்சு விடவும் வேண்டாம். ஒன்டாரியோவின் கல்விச் சபைகள் வரி விதிக்கும் உரிமையை மாகாண அரசு 1997-ல் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. நம் 1981 போல அவர்களுக்கு அது. 2025 ஜூன் கடைசியில், பயணி சாணார்பட்டிக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, டொராண்டோ உள்பட நான்கு கல்விச் சபைகளை மாகாண அரசு மேற்பார்வையாளர்களிடம் ஒப்படைத்தது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் வீட்டில், நியமிக்கப்பட்டவர் அலுவலகத்தில். தனி அலுவலர் என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தேடிக்கொண்டிருந்த பயணிக்கு அந்தச் செய்தியே மொழிபெயர்ப்பாகக் கிடைத்தது.

மூன்றாம் நாள் திரும்பவும் நத்தம் சாலை. சாயங்கால வண்டி கோபால்பட்டியிலிருந்தே நிரம்பி வந்தது. சாணார்பட்டி நிறுத்தத்தில் பையைத் தோளில் மாட்டிய பிள்ளைகள் ஏற, நடத்துநர் விசில் அடிக்காமல் கொஞ்ச நேரம் பொறுத்தார். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத நகரப் பேருந்து என்பதால் அம்மாக்கள் கூட்டமும் இருந்தது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் ஏதாவது ஒரு பள்ளிக் குழுவில் இருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. அந்தப் பதவிக்குத் துண்டும் கிடையாது, பேட்ஜும் கிடையாது. இந்தத் தடவை வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் சிறுமலை. மேகம் இறங்கி மலை பாதிதான் தெரிந்தது.

2024 ஆகஸ்டில் அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்குக் காலம் இரண்டு வருடம். மனுத் தாக்கல் வேண்டாம், 200 ரூபாய் டெபாசிட்டும் வேண்டாம். பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும். கூட்டத் தேதியைப் பள்ளியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.